வேனுக்குள் இட்லி வேக எத்தனை யூனிட்?

கோத்தகிரிக்குக் கொஞ்சம் கீழே, வண்டி ஒதுங்க இடமிருந்த ஒரு வளைவில், காலை ஆறரை மணி. தூங்கவும் சமைக்கவும் வசதி செய்த எங்கள் கேம்பர் வேனுக்குள், பேட்டரியில் ஓடும் கரண்ட் அடுப்பில், கொப்பரைத் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. இட்லித் தட்டை இறக்கி மூடி இரண்டு நிமிடம்தான் ஆகியிருக்கும். இன்வெர்ட்டர் கீச்கீச்சென்று கத்திவிட்டு அணைந்துவிட்டது. மறுபடி போட்டேன். அரை நிமிடத்தில் மறுபடியும் கத்தல். பேட்டரி அளவு காட்டும் கட்டத்தில் நான்கு கோட்டில் மூன்று அப்படியே நின்றது. வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத 150 ஏ.எச். (ஆம்ப்-ஹவர், அதாவது கொள்ளளவு) டியூபுலர் பேட்டரி, வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடுகிற அதே வகை. இரவு முழுக்க ஒரு ஃபேனும் இரண்டு விளக்கும்தான் ஓடியிருந்தன. அன்று காலைச் சாப்பாடு டீக்கடை பன்.

ஊர் திரும்பியதும் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவரிடம் வண்டியை விட்டேன். அவர் மீட்டரைக் கையில் எடுக்கவே இல்லை. அடுப்பைப் போடச் சொல்லிவிட்டு, பின் சீட்டுக்கு அடியில் ஓடும் சிவப்பு ஒயரை இரண்டு விரலால் பிடித்தார். சட்டென்று கையை எடுத்தார்.

"தம்பி, பேட்டரி நல்லாத்தான் இருக்கு. பாதிக் கரண்ட்ட ஒயரே குடிச்சிடுது. இத யாரு போட்டது?"

போட்டவர் பெயர் இங்கே வேண்டாம். பாதி என்பது அண்ணன் கொஞ்சம் கூட்டிச் சொன்னது. ஆனால் நோய் அதுதான். கேம்பர் வேனில் கரண்ட் அடுப்பு ஓட்ட நினைக்கிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் முதலில் சறுக்குகிறார்கள். எத்தனை யூனிட் சேர்த்து வைக்கலாம் என்று மண்டையை உடைத்துக்கொள்கிறோம். ஒரே நேரத்தில் எவ்வளவு இழுக்க முடியும் என்று கேட்பதில்லை. இருப்பு வேறு, இழுவை வேறு.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 1,500 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு. இன்வெர்ட்டர் தன் பங்குக்குப் பத்துப் பன்னிரண்டு சதவீதத்தைச் சூடாக்கி வீணடிப்பதால், பேட்டரியிடமிருந்து அது வாங்குவது சுமார் 1,700 வாட். வீட்டில் 230 வோல்ட்டில் இதற்கு ஏழு ஆம்ப் போதும். வண்டியில் 12 வோல்ட். 1,700-ஐ 12-ஆல் வகுத்தால் 140 ஆம்ப்புக்கு மேல். என் வண்டியில் பேட்டரி பின்னால், இன்வெர்ட்டர் முன்னால். போக வர எட்டு மீட்டர் ஒயர், அதுவும் 25 ஸ்கொயர் எம்எம் தடிமன். அந்தத் தாமிரத்தின் தடை ஓர் ஓமில் ஆயிரத்தில் ஐந்தரைப் பங்குதான். ஆனால் ஒயரில் பிறக்கும் சூடு ஆம்ப்பின் வர்க்கத்தில் ஏறும். 150 ஆம்ப் ஓடினால் 120 வாட்டுக்கு மேல் ஒயரிலேயே சூடாகப் போகிறது. அந்தக் காலத்து 100 வாட் குண்டு பல்பு ஒன்றை சீட்டுக்கு அடியில் எரியவிட்ட மாதிரி.

சூட்டை விடவும் மோசம் வோல்ட்டேஜ் சரிவு. ஒயரில் முக்கால் வோல்ட்டுக்கு மேல் தொலைகிறது. டியூபுலர் பேட்டரியும் இவ்வளவு இழுத்தால் உள்ளுக்குள் கிட்டத்தட்ட ஒரு வோல்ட் தளர்ந்துவிடும். பன்னிரண்டரையில் கிளம்பியது இன்வெர்ட்டர் வாசலுக்கு வரும்போது பத்தே முக்கால். வோல்ட்டேஜ் பத்தரைக்கு இறங்கினால், பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்து இன்வெர்ட்டர் நிறுத்திக்கொள்ளும். இதில் இன்னொரு கூத்தும் உண்டு. வோல்ட்டேஜ் இறங்க இறங்க, அதே 1,700 வாட்டைக் கொடுக்க இன்வெர்ட்டர் இன்னும் அதிக ஆம்ப்பை இழுக்கும், அதனால் வோல்ட்டேஜ் இன்னும் இறங்கும். அரை நிமிடத்தில் கதை முடிந்தது.

மருந்து இரண்டு. இன்வெர்ட்டரை பேட்டரிக்குப் பக்கத்திலேயே வைத்து, தடித்த ஒயரைக் குட்டையாகப் போடுவது ஒன்று. 70 ஸ்கொயர் எம்எம்மில் போக வர இரண்டு மீட்டர் என்றால் அந்த 120 வாட் பதினோரு வாட்டாகச் சுருங்கிவிடும். அடுப்புக்குப் போகும் 230 வோல்ட் ஒயர் எவ்வளவு நீளமானாலும் கவலையில்லை. இரண்டாவது, 24 வோல்ட்டுக்கு மாறுவது. ஆம்ப் பாதியாகும், அதே ஒயரில் சூடு கால்வாசியாகும். நான் இரண்டையும் செய்தேன். பேட்டரிக்கு ஒரு சாண் தள்ளி சரியான ஃப்யூஸையும் அண்ணனே போட்டுவிட்டார். முன்பு அது இல்லவே இல்லை. நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

"வீட்டு இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் தூக்கி வண்டியில் வைத்தால் ஆகாதா?" என்று பலர் கேட்கிறார்கள். 900 வி.ஏ. என்று எழுதியிருக்கும் வீட்டு இன்வெர்ட்டர் சுமார் 700 வாட்தான் தாங்கும். ஃபேனுக்கும் லைட்டுக்கும் செய்தது அது. அடுப்புக்கு ஆகாது. டியூபுலர் பேட்டரியோ பொறுமைசாலி. 150 ஏ.எச். என்பது இருபது மணி நேரம், ஏழரை ஆம்ப் வீதம் நிதானமாகக் கறந்தால் கிடைக்கும் பால். ஒரே மூச்சில் 150 ஆம்ப் இழுத்தால் பாதிகூடத் தேறாது. ஐம்பது கிலோவுக்கு மேல் எடை வேறு.

ஆகவே லித்தியம். அதிலும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்ற வகை. சட்டென்று தீப்பற்றும் குணம் அதற்குக் குறைவு, ஆயிரக்கணக்கான முறை ஏற்றி இறக்கலாம், கடைசிச் சொட்டுவரை வோல்ட்டேஜ் பெரிதாகத் தளராது. ஆனால் வாங்கும்போது ஏ.எச். மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. உள்ளே பி.எம்.எஸ். (பேட்டரியைக் காக்கும் மின்னணுச் சுற்று) என்றொரு காவல்காரன் இருக்கிறான். 12 வோல்ட் என்று விற்கும் (சரியாக 12.8), 100 ஏ.எச். பேட்டரியில் அவன் 100 ஆம்ப்புக்கு மேல் விடமாட்டான் என்றால், 1,280 வாட்டோடு கதவு சாத்தப்படும். பேட்டரி நிறைந்திருந்தாலும் 1,500 வாட் அடுப்பு எரியாது. என்னிடம் இப்போது இருப்பது 25.6 வோல்ட், 100 ஏ.எச். இருப்பு இரண்டரை யூனிட், இழுவை 2,500 வாட். சமையலுக்கு இந்த இரண்டாவது எண்தான் உயிர்.

இண்டக்‌ஷன் அடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அளவை 400 வாட்டில் வைத்தால் அது 400 வாட்தான் இழுக்கிறது என்று நம்பாதீர்கள். மலிவான அடுப்புகள் பலவும் ஆயிரம் வாட்டைச் சில நொடி போட்டு, சில நொடி நிறுத்தி, சராசரியில் 400 காட்டுகின்றன. காதை வைத்துக் கேட்டால் இன்வெர்ட்டர் "கும்... கும்..." என்று மூச்சுவிடுவது தெரியும். யூனிட் கணக்குக்கு இதனால் பாதகமில்லை. ஒயரும் பி.எம்.எஸ்.ஸும் மட்டும் முழு இழுவைக்கே தயாராக இருக்க வேண்டும்.

சரி, இழுவைப் பிரச்சினை தீர்ந்தது. இனி இருப்பு. இங்கேதான் எனக்குப் பிடித்த பகுதி வருகிறது, ஏனென்றால் இது பேட்டரிக் கடையில் தீர்கிற விஷயம் இல்லை. அடுப்படியில் தீர்கிறது.

ஒரு லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர சுமார் 84 வாட்ஹவர் வேண்டும். ஆயிரம் வாட்ஹவர் ஒரு யூனிட் என்பதால், இது யூனிட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அதே தண்ணீரை முழுக்க ஆவியாக்க 627 வாட்ஹவர். ஏழு மடங்குக்கு மேல். ஆக, கொதிக்கவைப்பது மலிவு, கொதித்துக்கொண்டே இருக்கவிடுவதுதான் செலவு. மூடியின் இடுக்கில் புசுபுசுவென்று போகும் ஆவி ஒவ்வொன்றும் பேட்டரியிலிருந்து போகிறது. வீட்டில் கேஸ் அடுப்பில் இதை யார் பார்த்தோம்?

இட்லியையே எடுங்கள். இரண்டு பேருக்குப் பத்து இட்லி. கொப்பரை, அரை லிட்டர் தண்ணீர், அறுநூறு கிராம் மாவு, எல்லாம் நூறு டிகிரிக்கு வர நூறு வாட்ஹவர் ஆகும். அதற்குப் பிறகு பத்து நிமிடம் வேக வேண்டும். அந்தப் பத்து நிமிடமும் அடுப்பை ஆயிரம் வாட்டில் விட்டால் இன்னொரு 167 வாட்ஹவர், அதில் பெரும்பகுதி ஜன்னல் வழியாக நீலகிரிக் காற்றோடு கலந்துவிடும். தண்ணீர் தளதளவென்று கொதித்தாலும் சிணுங்கிக்கொண்டு கொதித்தாலும் ஆவியின் சூடு ஒன்றுதான். கொதி வந்ததும் அளவைப் பாதிக்கும் கீழே இறக்கினால் இட்லிக்கு எந்தக் குறையும் வராது. அடுப்பு, இன்வெர்ட்டர் நஷ்டமெல்லாம் சேர்த்து, 0.3 யூனிட்டைத் தாண்ட வேண்டியது 0.22-இல் நின்றுவிடும்.

தோசை வேறு ஜாதி. ஒரு கரண்டி மாவிலிருந்து முப்பது, நாற்பது கிராம் தண்ணீரை ஆவியாக்கினால்தான் அது தோசை. மொறுமொறுப்பு என்பதே ஆவியாகிப்போன தண்ணீர்தானே. எட்டுத் தோசைக்கு அந்த ஆவிக்கே கால் யூனிட்டை நெருங்கும், கல் சும்மா காய்ந்து வெளியே வீசும் சூடு தனி. இதில் சிக்கனம் பிடிக்க வழியே இல்லை. மழை நாளில் தோசை கேட்டால் என் வீட்டுக்காரி முதலில் பேட்டரி மீட்டரைப் பார்க்கிறாள், அப்புறம் என்னைப் பார்க்கிறாள். அன்றைக்கு உப்புமா.

சோற்றில்தான் பெரிய மிச்சம். வடிக்கிற சோறு எனக்கும் உசத்திதான். ஆனால் ஒரு டம்ளர் அரிசிக்கு ஒன்றரை லிட்டர் உலை வைத்து, இருபது நிமிடம் திறந்து கொதிக்கவிட்டு, சூடான கஞ்சியைக் கீழே கொட்டினால் அரை யூனிட்டை நெருங்கிவிடும். குக்கரில் அதே அரிசியும் அடுக்கில் பருப்பும் சேர்ந்து 0.2 யூனிட்டில் முடியும். அரிசியையும் பருப்பையும் அரை மணி ஊறப்போட்டால் இன்னும் குறையும். விசில் எண்ணுகிற பழக்கத்தையும் இங்கே விட வேண்டியிருக்கிறது. விசில் என்பது காசு கொடுத்த ஆவி வெளியே போகும் சத்தம். முதல் விசில் வரும்போதே அளவை இறக்கிவிட்டு, நிமிடத்தை எண்ணினால் போதும். ஊட்டி, கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும் என்பதால் அங்கே திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவைப்பது பேட்டரிக்குச் செய்கிற துரோகம். தெர்மல் ரைஸ் குக்கர் என்று விற்கிறார்களே, சூடு ஆறாத டப்பா, அது வண்டிக்கென்றே செய்த மாதிரி இருக்கிறது. பத்து நிமிடம் கொதிக்கவிட்டு உள்ளே வைத்து மூடினால், ஒரு மணி நேரத்தில் வண்டி ஓடும்போதே சோறு வெந்திருக்கும்.

சத்தத்தை வைத்துச் செலவை எடைபோடுவதும் தப்பாகிவிடும். ஊரைக் கூட்டும் மிக்ஸி, சட்னிக்கு இரண்டு நிமிடம் ஓடி யூனிட்டில் நாற்பதில் ஒரு பங்கைத்தான் எடுக்கிறது. டேபிள் டாப் கிரைண்டர் நாற்பது நிமிடம் சுற்றினாலும் 150 வாட் மோட்டார்தானே, 0.1 யூனிட். கோயம்புத்தூர்க்காரன் என்பதால் சொல்லவில்லை, நிஜமாகவே சாது. சத்தமே போடாத எலெக்ட்ரிக் கெட்டில்தான் ஒவ்வொரு லிட்டருக்கும் அதே 0.1 யூனிட்டை நாலே நிமிடத்தில் விழுங்குகிறது. எந்த மோட்டார் சாமானுக்கும் இன்வெர்ட்டர் மட்டும் சுத்தமான சைன் வேவ் (வீட்டுக் கரண்ட் மாதிரி சீரான அலை) தருவதாக இருக்க வேண்டும். மலிவான சதுர அலை இன்வெர்ட்டரில் மோட்டார் முனகிச் சூடேறும், இண்டக்‌ஷன் பல சமயம் வேலையே செய்யாது. சிகரெட் லைட்டர் குழியில் செருகும் 12 வோல்ட் கெட்டில் ஒன்றும் விற்கிறார்கள். அந்தக் குழி தாங்குவது 150 வாட் போல. அரை லிட்டர் கொதிக்க இருபது நிமிடத்துக்குக் குறையாது. காபி மேல் உள்ள ஆசையே போய்விடும்.

எல்லாம் கூட்டினால் இரண்டு பேருக்கு ஒரு நாள் சமையல், காபி இரண்டு வேளை சேர்த்து, ஒரு யூனிட்டிலிருந்து ஒன்றேகால் யூனிட். இரண்டு மாதத்துக்கு எழுபத்தைந்து வரும். வீட்டுக்கு அரசு தரும் இலவச யூனிட்டுக்குள் அடங்கிவிடுகிற சமையல்!

ஆனால் கூரை மேல் அரசு இல்லை, சூரியன்தான். என் கூரையில் 550 வாட் பேனல் ஒன்று. ஏறக்குறைய ஏழரை அடிக்கு நாலடி, இருபத்தெட்டு கிலோ. மீதி இடத்தைக் காற்றுப்போக்கியும் கேரியரும் எடுத்துக்கொண்டன. தமிழ்நாட்டில் ஒரு நாள் வெயில் என்பது சுமார் ஐந்து மணி நேர முழு உச்சி வெயிலுக்குச் சமம். 550-ஐ ஐந்தால் பெருக்கினால் இரண்டே முக்கால் யூனிட் வர வேண்டும். வராது. பேனலின் வாட் கணக்கு 25 டிகிரியில் போட்டது. நம் ஊர் மத்தியானத்தில் தகடு 65 டிகிரிக்குப் போகும், ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 சதவீதம் கழித்தால் அங்கேயே 14 சதவீதம் காலி. தூசி, ஒயர், கன்ட்ரோலர் நஷ்டமெல்லாம் போக இரண்டு யூனிட் கையில் வந்தால் நல்ல நாள்.

வெளிநாட்டு வீடியோக்களில் பேனலைச் சாய்த்து வைக்கச் சொல்வார்கள். அவர்கள் ஊரில் குளிர்கால சூரியன் தரையை ஒட்டியே ஓடும். நமக்கு ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் நேர் உச்சிக்கே வந்துவிடுகிறது. படுத்த பேனலே போதும். நம் தொல்லை நிழல். பேனலுக்கு வெயில் வேண்டும், உள்ளே இருக்கும் மனிதருக்கும் பேட்டரிக்கும் நிழல் வேண்டும். 45 டிகிரிக்கு மேல் லித்தியத்தைச் சார்ஜ் செய்தால் அதன் ஆயுசு குறையும். புளியமரத்தடியில் நிறுத்தினால் சுகம்தான், ஆனால் ஒரே ஒரு கிளையின் நிழல் குறுக்கே விழுந்தாலும் பேனலின் மூன்றில் ஒரு பங்கு தூங்கிவிடும். பதினொன்று முதல் இரண்டு வரை வண்டி வெயிலில், நாங்கள் மரத்தடியில் பாய் விரித்து. இதற்கு வேறு தீர்வு எனக்குக் கிடைக்கவில்லை.

வருகிற இரண்டு யூனிட்டும் அடுப்புக்கு மட்டுமல்ல. சின்ன ஃப்ரிட்ஜுக்கு அரை யூனிட், ஃபேன், விளக்கு, போனுக்கு இன்னொரு கால். சும்மா போட்டுவைத்த இன்வெர்ட்டரே 20 வாட் தின்னும். ஒரு நாளைக்கு அதுவே அரை யூனிட்! சமையல் முடிந்த நொடியே அதை அணைப்பது எங்கள் வண்டியில் சட்டம். வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் பேனல் மூன்றில் ஒரு பங்குகூடத் தராது. அப்போது எஞ்சின்தான் துணை. வண்டி ஓடும்போது, எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து டி.சி. டு டி.சி. சார்ஜர் மணிக்கு 0.35 யூனிட் போல ஏற்றும். மூன்று மணி நேர ஓட்டத்தில் ஒரு நாள் சமையல்.

இவ்வளவு பாடு எதற்கு, ஐந்து கிலோ சிலிண்டர் ஒன்றை வைத்துக்கொண்டால் போதாதா? கணக்கு மட்டும் பார்த்தால் கேஸ்தான் ஜெயிக்கும், ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஐந்து கிலோ எல்.பி.ஜி.யில் சுமார் 64 யூனிட் சூடு இருக்கிறது. அடுப்பில் மூன்றில் ஒரு பங்கு வீணானாலும் பாத்திரத்துக்கு நாற்பதுக்கு மேல் வந்து சேரும். என் இருபத்தைந்து கிலோ பேட்டரியை இருபது தடவைக்கு மேல் நிரப்பினால்தான் அதற்கு ஈடு.

ஆனால் 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை நினைவுக்கு வருகிறது. மதுரை ரயில் நிலையத்துக்கு அருகே நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டி தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். லக்னோவிலிருந்து கிளம்பி ராமேஸ்வரம் போகவிருந்தவர்கள். விதியை மீறிப் பெட்டிக்குள் கொண்டுவந்த கேஸ் சிலிண்டர்தான் காரணம். ரயில் பெட்டியை விட வேன் சின்னது. எல்.பி.ஜி. காற்றை விடக் கனம், கசிந்தால் மேலே போகாமல் படுக்கைக்கு அடியில் குளம் கட்டும். எரியும்போதும் ஒரு கிலோ கேஸுக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் தண்ணீர் ஆவியாகப் பிறந்து, குளிர்ந்த ஊரில் கண்ணாடியெல்லாம் வடியும். ஜன்னலைச் சாத்திக்கொண்டு எரித்தால் கார்பன் மோனாக்சைடு. கேஸ் வைத்துச் சமைக்கிறவர்கள் வண்டிக்கு வெளியே, பின் கதவுக்கு அப்பால் மேஜை போட்டுச் சமைத்தால் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. உள்ளே, ரெக்ஸினும் பிளைவுட்டும் சூழ, வேண்டாம். எதைப் பொருத்தினாலும் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கிச் செய்யுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு அதற்காகத்தான் இருக்கிறது.

இப்போது எங்கள் நாள் வெயிலோடு ஓடுகிறது. காலையில் இட்லி, காபி. பதினொன்றரைக்கு, பேனல் 350 வாட் காட்டும்போது, மத்தியானத்துக்கும் ராத்திரிக்கும் சேர்த்துச் சமையல். அடுப்பு கேட்பதில் கால் பங்கைப் பேனலே நேராகக் கொடுத்துவிடுகிறது. இரண்டு மணி வாக்கில் பேட்டரி நிறைந்து மீட்டர் நூறைத் தொட்டால், அதற்குமேல் வரும் வெயில் எப்படியும் வீண்தானே என்று கிரைண்டரைப் போடுகிறோம். மூடிய வண்டிச் சூட்டில் மாவு ஐந்து மணி நேரத்திலேயே பொங்கிவிடும் என்பதை வால்பாறை போகும் வழியில் கற்றோம். சரிவில் நிறுத்தியிருந்த வண்டியில் தூக்குச்சட்டி மூடியைத் தள்ளிக்கொண்டு, இன்வெர்ட்டர் பெட்டியை நோக்கி மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது உளுந்து நுரை. அன்றிலிருந்து மாவுச் சட்டி எதிர்ப்பக்க அலமாரியில், பெரிய தட்டுக்குள்.